பியெத்ரினா தெற்கே திரும்பிய நாள்

எங்கள் படகுக்கு அம்மாவின் பெயர்தான், பியெத்ரினா. எங்கள் ஊரான மசாராவின் துறைமுகத்தில் இறாலுக்கு மடிவலை இழுத்துக்கொண்டிருந்த படகு. அண்ணன் லிபோரியோ கேப்டன். என்ஜின் என் பொறுப்பு. மடியும் கயிறும் ஹெதி பார்த்துக்கொண்டான். அவன் துனிசியாக்காரன். மீசை முளைக்கும் முன்பே மசாராவுக்கு வந்து எங்கள் அப்பாவிடம் வேலைக்குச் சேர்ந்து, எங்களோடேயே நரைத்தவன்.

இறால் குறைந்து டீசல் ஏறிய காலத்தில் துறைமுகத்தில் பாதிப் படகுகளை உடைத்துவிட்டார்கள். பியெத்ரினாவையும் உடைக்கக் கொடுத்திருப்போம். அந்த நேரத்தில் ஜெர்மனியிலிருந்து ஒரு குழு வந்து, கடலில் தத்தளிக்கிறவர்களைக் காப்பாற்றப் படகு வேண்டும் என்று கேட்டது. அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான்: "பேர மாத்தக்கூடாது. அப்புறம், நாங்களும் கூட வருவோம்."

மடி சுற்றும் விஞ்ச் எந்திரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ரப்பர் படகை இறக்கும் கொக்கியை வைத்தார்கள். ஐஸும் மீனும் கிடந்த அறையில் பெஞ்சுகளும் போர்வைகளும் வந்தன. எத்தனை முறை கழுவியும் அந்த அறையில் மீன் நாற்றம் போகவே இல்லை. வெளியே ஆரஞ்சு வண்ணம் அடித்தார்கள். அதைப் பார்த்து பக்கத்துப் படகுக்காரன் சவேரியோ கரையிலிருந்து கத்தினான்:

"என்ன லிபோரியோ, இறால் மாட்டலன்னு ஆள் பிடிக்கக் கிளம்பிட்டியா?"

"நீ கடல்ல விழு, உன்னையும் பிடிக்கிறேன். மடியில மாட்டினதுல வேண்டாதத திருப்பித் தூக்கிப் போட்டு எனக்கு நல்லாப் பழக்கம்."

துறைமுகமே சிரித்தது. சிரித்தவர்களில் பலர் பிறகு எங்களிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

குழுவுக்குத் தலைவி வீப்கா. அவள் நர்ஸும் கூட. எங்கள் மொழியைப் புத்தகத்தில் படித்துக் கற்றவள். கோபம் வந்தாலும் செய்தி வாசிப்பது மாதிரிதான் பேசுவாள். ஹெதி அவளைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பான். அவளும் சிரித்துக்கொள்வாள்.

நான் சொல்லவந்தது ஜூன் மாதத்தில் நடந்தது. காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். கடல் பால் மாதிரி அசையாமல் கிடந்தது. அண்ணன்தான் முதலில் பார்த்தான். துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் கரையோரத்தில் இரும்புத் தகட்டை வெட்டி ஒட்டவைத்துச் செய்கிற படகு ஒன்று. கடலுக்கு வரும் வண்டியே இல்லை அது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. அதில் நாற்பது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கை அசைக்கவில்லை. அசைத்தால் கவிழ்ந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ரப்பர் படகில் போய் ஒவ்வொருவராக ஏற்றினோம். கடைசி ஆள் எழுந்ததும் அந்த இரும்புப் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. தண்ணீர் உள்ளே போனது. அவ்வளவுதான், கல்லைப் போட்ட மாதிரிக் கீழே போய்விட்டது. ஒரு பலகைகூட மேலே மிதக்கவில்லை.

எங்கள் தளத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தியின் முகம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஹசனாத்து. கினி நாட்டுப் பெண். இருபத்தைந்து வயது இருக்கலாம். நெஞ்சோடு ஒரு கைக்குழந்தையைத் துணியால் கட்டியிருந்தாள். ஹெதி தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவனுக்குப் பிரெஞ்சு தெரியும், அவளுக்கும் தெரியும்.

"குடி மகளே. உப்புத் தண்ணி குடிச்சிருப்ப."

அவள் வாங்கவில்லை. "இன்னொரு படகு எங்க மாமா?"

"எந்தப் படகு?"

"எங்களோட கிளம்பினது. என் தங்கச்சி அதுலதான் இருக்கா. இது அவ பிள்ள."

அவள் கோவையாகத்தான் சொன்னாள். அழவில்லை. கரையில் அக்கா முதலில் ஏறியிருக்கிறாள். தங்கை தலாந்தா குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு ஏறப் போகும்போது, அனுப்புகிற ஆள் "போதும், போதும்" என்று படகைத் தள்ளிவிட்டிருக்கிறான். தலாந்தாவைப் பக்கத்துப் படகில் ஏற்றியிருக்கிறார்கள். விடிந்த பிறகும் அந்தப் படகு இவர்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. தலாந்தா குழந்தையைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். அப்புறம் அந்தப் படகின் என்ஜின் நின்றுபோனது.

"எங்க படக ஓட்டினவன நிறுத்தச் சொன்னேன். திரும்பினா கவுந்துடும்னான். அவங்க சின்னதாகிட்டே போனாங்க மாமா. அப்புறம் தெரியல."

குழந்தை அழ ஆரம்பித்தது. பால் தேடி ஹசனாத்துவின் சட்டையை இழுத்தது. அவள் தன் விரலை அதன் வாயில் வைத்தாள்.

ஹெதி மேலே போய் அண்ணனிடம் சொன்னான். நானும் கூடப் போனேன். வீப்கா அப்போதுதான் ரேடியோவை வைத்தாள். கரைக் காவல்படை எங்களுக்கு ஒதுக்கிய துறைமுகம் அட்ரியாட்டிக் கடலில், வடக்குக் கோடியில் இருந்தது. கிட்டத்தில் இருக்கும் மசாராவை விட்டுவிட்டு, காலணி மாதிரி இருக்கும் எங்கள் நாட்டின் அடியைச் சுற்றிப் போகவேண்டும்.

"உடனே புறப்பட வேண்டும், வழியில் எதற்காகவும் திரும்பக் கூடாது என்று கூறுகிறார்கள்," என்றாள்.

"இன்னொரு படகு இருக்குன்னு சொன்னியா?"

"கூறினேன். உரியவர்களுக்குத் தெரிவிக்கப்படும் என்கிறார்கள்."

"உரியவங்கன்னா யாரு?"

"அதைக் கூறவில்லை."

அண்ணன் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வீப்கா சொன்னாள்: "லிபோரியோ, நாம் திரும்பினால் கப்பலைப் பிடித்து வைத்துவிடுவார்கள். ஏற்கெனவே ஒரு முறை எச்சரித்திருக்கிறார்கள். இந்தக் கோடை முழுவதும் ஒருவரைக்கூட நம்மால் காப்பாற்ற இயலாது. அதையும் நீங்கள் யோசிக்க வேண்டும்."

"யோசிச்சிட்டேன். நீ என்ன சொல்ற?"

அவளும் வரைபடத்தைப் பார்த்தாள். பிறகு, "நீங்கள்தான் கேப்டன்," என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே போனாள்.

"தானோ, என்ஜின் தாங்குமா?" என்று அண்ணன் என் பேரைச் சொல்லிக் கேட்டான்.

"உன்னத் தாங்குறது இதத் தாங்காதா?"

அண்ணன் சுக்கானைத் திருப்பினான்.

வெயில் வலது பக்கத்திலிருந்து இடது பக்கம் மாறியதும் தளத்தில் இருந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஒருவன் எழுந்து கத்தினான். எல்லாரும் எழுந்தார்கள். தெற்கே போகிறோம், திரும்பவும் துனிசியாவிலேயே கொண்டுபோய் விடப்போகிறார்கள் என்று பயந்துவிட்டார்கள். ஒரு பையன் விளிம்புக் கம்பியில் ஏறிக் காலை வெளியே போட்டான். ஹெதி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினான்.

"டேய், இறங்குடா! உன்ன ஏத்தினது குதிக்கிறதுக்கா? ஆளத் தேடப் போறோம்டா, ஆளத் தேட!"

"பொய்! நீ துனிசியாக்காரன். உங்க போலீஸ்தான் எங்களப் பாலைவனத்துல தள்ளிவிட்டுது!"

விரித்த கைகளை ஹெதி இறக்கிக்கொண்டான். அப்போது ஹசனாத்து எழுந்து வந்தாள். குழந்தையை அவிழ்த்து, அந்தப் பையன் முன்னால் தூக்கிப் பிடித்தாள். அவர்கள் மொழியில் ஏதோ சொன்னாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பையன் காலை உள்ளே எடுத்துக்கொண்டான். கூட்டம் ஒவ்வொருவராக உட்கார்ந்தது. என்ன சொன்னாள் என்று பிறகு ஹெதி கேட்டான். "இவளோட அம்மாவுக்காகத் திரும்புறாங்க. உங்க அம்மாவா இருந்தா வேணாம்னு சொல்லுவீங்களான்னு கேட்டேன்," என்றாளாம்.

அதன் பிறகு எல்லாரும் எங்களோடு சேர்ந்து தேடினார்கள். தளத்தின் விளிம்பு முழுக்கத் தலைகள்தான். வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கண்ணை எடுக்கவில்லை. அண்ணன் மடி இழுக்கும்போது போவது மாதிரியே கடலைக் கீற்றுக் கீற்றாகப் பிரித்து, போய்த் திரும்பி, போய்த் திரும்பி ஓட்டினான்.

முதலில் ஒரு காலி பெட்ரோல் கேன். அப்புறம் லாரி டயரின் கறுப்பு டியூப் ஒன்று, காற்றோடு மிதந்து வந்தது. நீச்சல் தெரியாதவர்கள் இடுப்பில் மாட்டிக்கொள்வார்களே, அது. ஹெதி கொக்கியால் இழுத்தான். அதில் சிவப்புத் துணி முடிந்திருந்தது. ஹசனாத்து அதை வாங்கி முடிச்சைத் தடவிப் பார்த்தாள்.

"இது எங்களோடது இல்ல. தலாந்தாகிட்ட டியூப் கிடையாது. வாங்க முடியல," என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. டியூப் இல்லாதவள் என்று கேட்ட நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

கொஞ்ச தூரத்தில் ஒரு பிளாஸ்டிக் செருப்பு. அப்புறம் பிஸ்கட் பாக்கெட்டுகள். அவ்வளவுதான். இரும்புப் படகு போனால் தடம் வைக்காது. அதை எல்லாரும் காலையிலேயே பார்த்திருந்தோம்.

மதியத்துக்குப் பிறகு தென்மேற்கே, தொடுவானத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு ரோந்துக் கப்பல் தெரிந்தது. துனிசியக் கரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் ரேடியோவில் கூப்பிட்டான். எங்கள் மொழியில் கூப்பிட்டான். ஹெதி அரபியில் கூப்பிட்டான். வீப்கா ஆங்கிலத்தில் கூப்பிட்டாள். பதில் இல்லை. அது வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. தளத்தில் ஆட்கள் இருந்தார்களா என்று தொலைநோக்கியில் பார்த்தேன். ஏதோ இருட்டாகத் தெரிந்தது. ஆட்களாகவும் இருக்கலாம், தார்ப்பாயாகவும் இருக்கலாம். ஹசனாத்து என் கையிலிருந்து தொலைநோக்கியைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"ஆளுங்கதான்," என்றாள். "அங்கதான் இருக்கா."

இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆமாம் என்றும் எப்படிச் சொல்வது?

பொழுது சாயும் நேரத்தில் வீப்கா மேலே வந்தாள். ஏறினவர்களில் ஓர் இளைஞனுக்குப் பெட்ரோலும் கடல் தண்ணீரும் கலந்து இடுப்புக்குக் கீழே தோல் உரிந்திருந்தது. காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது.

"இவன் விஷயத்தில் இனித் தாமதிக்க இயலாது," என்றாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவ போய்த் திரும்பிடறேன்."

"லிபோரியோ. இவன் உயிரோடு இருக்கிறான்."

அண்ணன் சுக்கானைப் பிடித்தபடியே தலையைக் குனிந்துகொண்டான். பிறகு வடக்கே திருப்பினான். ஹசனாத்துவிடம் போய்ச் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. ஹெதிதான் போய்ச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினாள். "சரி மாமா. அந்தக் கப்பல் எடுத்துட்டுப் போயிருச்சு. இவளுக்குப் பால் இருக்கா?" என்றாள்.

லாம்பெதூசா தீவுக்கு வெளியே ஓர் ஆம்புலன்ஸ் படகு வந்து அந்த இளைஞனை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. மற்றவர்களை வாங்க மாட்டோம் என்றார்கள். எங்களுக்கு வடக்குத் துறைமுகம்தான்.

அந்தப் பயணத்தில் குழந்தை ஜெனபு புட்டிப்பால் குடிக்கக் கற்றுக்கொண்டது. முதலில் துப்பியது, பிறகு பசியில் குடித்தது. ஹசனாத்து அதன் காதில் எப்போதும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். வழிநெடுக ஹெதி யோசனையிலேயே இருந்தான். துறைமுகம் நெருங்கும் நாளில் அவளைச் சமையல் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தான். நான் அங்கே காபி போட்டுக்கொண்டிருந்தேன். பிரெஞ்சு எனக்குக் கேட்டால் புரியும், பேச வராது.

"மகளே, நான் சொல்றதக் கவனமாக் கேளு. இறங்கினதும் ஒருத்தி வந்து கேப்பா. இது உன் பிள்ளையான்னு. ஆமான்னு சொல்லிடு."

"ஏன்?"

"இல்லன்னா, அம்மா இல்லாத பிள்ளன்னு எடுத்துட்டுப் போயிடுவாங்க. அதுக்குன்னு தனி வீடு இருக்கு. உன்ன ஒரு பக்கம் அனுப்புவாங்க, அத ஒரு பக்கம் அனுப்புவாங்க. நான் எத்தனையோ தடவ பார்த்துட்டேன்."

"அவளுக்கு அம்மா இருக்கா."

"இருக்காம்மா. யார் இல்லன்னா? இப்போதைக்குச் சொல்லு. அப்புறம் அவ வந்ததும் பேசிக்கலாம்."

ஹசனாத்து குழந்தையின் முதுகைத் தடவினாள். "மாமா, நாளைக்கு தலாந்தா வந்து, என் பிள்ள எங்கன்னு அவங்ககிட்ட கேட்டா? அப்படி ஒரு பிள்ளயே இல்ல, அது அக்காவோட பிள்ளன்னு சொல்லுவாங்க. எழுதிட்டா எழுதினதுதான். அப்ப என் தங்கச்சிய நானே கொன்ன மாதிரி ஆயிடும்."

"அவ வராட்டி?" என்று நான் கேட்டுவிட்டேன். எங்கள் மொழியில்தான் கேட்டேன். ஹெதி மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட சின்னப் பிள்ளையைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

துறைமுகத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்டவர்கள் நின்றார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரிப் பெண் கெட்டவள் இல்லை. குழந்தையைப் பார்த்ததும் முகமூடியை இறக்கிச் சிரித்துக் காட்டினாள். அவர்களின் மொழிபெயர்ப்பாளர் இன்னும் வந்து சேரவில்லை. ஹெதியையே சொல்லச் சொன்னார்கள்.

"இது உன் குழந்தையா?"

ஹெதி பிரெஞ்சில் கேட்டான். கேட்கும்போதே கண்ணால் கெஞ்சினான்.

"இல்லை," என்றாள் ஹசனாத்து. "என் தங்கச்சி தலாந்தாவோட குழந்தை. அவ பின்னால வர்றா."

ஹெதி அப்படியே நின்றான். ஒரு வார்த்தையை மாற்றினால் போதும். அந்த அதிகாரிக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் சொன்னத அப்படியே சொல்லுங்க மாமா. அவ பேரச் சொல்லுங்க," என்றாள். "தலாந்தா" என்ற பெயர் அந்த அதிகாரியின் காதிலும் விழுந்துவிட்டது.

அவன் அப்படியே சொன்னான்.

குழந்தையை வாங்க இரண்டு பெண்கள் வந்தார்கள். பரிசோதனைக்குத்தான், பிறகு பார்க்கலாம் என்றார்கள். ஹசனாத்து கட்டியிருந்த துணியோடு சேர்த்துக் கொடுத்தாள். "அவளுக்கு இந்த வாசனை பழக்கம்," என்று மட்டும் சொன்னாள். ஜெனபு கூடாரத்தின் மறுபக்கம் போகும்வரை அழவில்லை. அதன் பிறகு கேட்ட அழுகையில் ஹசனாத்து ஓடப் பார்த்தாள். அங்கேயே இருந்த ஒரு போலீஸ்காரன் கையைக் குறுக்கே நீட்டினான். ஹெதி அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். அவள் கத்திய கத்தலில் பிரெஞ்சு இல்லை. அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

எங்கள் கப்பலைப் பிடித்துக் கட்டிப்போட்டார்கள். உத்தரவை மீறித் திரும்பியதற்காக. முதலில் கொஞ்ச நாள் என்றார்கள், பிறகு நீட்டினார்கள். வீப்கா வக்கீல் வைத்து வாதாடினாள். அந்தக் கோடையில் தெற்கே எத்தனை படகு மூழ்கியது என்று செய்திகளில் கேட்டோம். ஒவ்வொரு முறையும் அண்ணன் எழுந்து வெளியே போய்விடுவான். ஒருநாள் வீப்காவிடம், "நீ அன்னிக்கு சொன்னதுதான் சரியோ?" என்று கேட்டான். "எனக்குத் தெரியாது, லிபோரியோ," என்றாள் அவள். பனிக்காலம் வருவதற்குள் குழுவும் கலைந்தது. பியெத்ரினா இன்னும் அந்த வடக்குத் துறைமுகத்தில்தான் கிடக்கிறது. அண்ணன் போய்ப் பார்க்கவில்லை. இப்போது அவன் கடலுக்குப் போவதில்லை. நான் சவேரியோவின் படகில் என்ஜின் பார்க்கிறேன்.

ஹெதி, ஹசனாத்து கொடுத்த தலாந்தாவின் படத்தை எடுத்துக்கொண்டு ஸ்ஃபாக்ஸுக்கே போனான். மருத்துவமனையில், பிணவறையில், பெயரில்லாதவர்களைப் புதைக்கிற இடத்தில், எல்லைப் பக்கம் கொண்டுபோய் விடப்பட்டுத் திரும்பி வந்தவர்களிடத்தில் எல்லாம் கேட்டான். உயிரோடு இருப்பவர்களிலும் அவளை யாரும் பார்க்கவில்லை, இறந்தவர்களிலும் பார்க்கவில்லை. திரும்பி வந்து என்னிடம் சொன்னான்: "தானோ, அந்தப் பொண்ணுகிட்ட நான் என்னடா சொல்லுவேன்? 'இல்ல'ன்னு சொல்லவும் கையில ஒண்ணுமில்ல."

"அப்ப அவ சாகல," என்றாள் ஹசனாத்து, ஹெதி போய்ச் சொன்னதும்.

ரத்தம் எடுத்துச் சோதித்தால் ஹசனாத்து குழந்தைக்குச் சொந்தப் பெரியம்மாதானா என்பது தெரிந்துவிடும் என்று ஒரு வக்கீல் சொன்னார். மனு போட்டார்கள். அதற்கே ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. முடிவு வந்தது. ஹசனாத்து பெரியம்மாதான், சந்தேகமில்லை என்றார்கள். ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் தக்காளி வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரத்தில் வேலை செய்துகொண்டு ஆறு பேரோடு ஒரே அறையில் படுக்கிறவளிடம் குழந்தையைக் கொடுக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். குழந்தை வடக்கே ஒரு குடும்பத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. பார்த்துவிட்டு வர மட்டும் அனுமதித்தார்கள்.

நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். அரசாங்கக் கட்டடத்தில் ஓர் அறை, தரையில் பாய், மூலையில் ஒரு பெண் மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்தாள். ஜெனபு நடந்தே உள்ளே வந்தாள். நீலச் சட்டை, தலையில் இரண்டு சடை. ஹசனாத்து மண்டியிட்டு உட்கார்ந்து அவர்கள் மொழியில் கூப்பிட்டாள். கப்பலில் முணுமுணுத்த அதே குரல்தான். குழந்தை நின்று கேட்டது. அதற்கு அந்தச் சத்தம் வேடிக்கையாக இருந்தது போல. சிரித்தது. இன்னொரு முறை சொல்லு என்பது மாதிரி கையைத் தட்டியது. அவள் மறுபடி சொன்னாள். அது மறுபடி சிரித்தது. நேரம் முடியும்வரை அந்த விளையாட்டுதான். கதவு திறந்து வளர்ப்பவள் எட்டிப் பார்த்ததும் "மம்மா" என்று ஓடிவிட்டது.

திரும்பும் வழியில் மழை தூறிக்கொண்டிருந்தது. இப்போது எங்கள் மொழி அவளுக்கு வந்துவிட்டது, தக்காளித் தோட்டத்துப் பேச்சாக.

"அண்ணே, நீங்க இப்ப எந்தப் பக்கம் மீன் பிடிக்கிறீங்க?"

"தெக்குப் பக்கம்தான்."

"அன்னிக்கு தேடின இடத்துக்கும் போவீங்களா?"

"சில நேரம் தாண்டிப் போவோம்."

"அங்க படக நிறுத்துவீங்களா?"

"மடி இறங்கியிருந்தா நிறுத்த முடியாது."

அவள் தலையை ஆட்டினாள். கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "ஜெனபு நடக்குறா. தலாந்தாகிட்ட சொல்லணும்," என்றாள். இன்னும் பாதி நாடு ஓட்ட வேண்டியிருந்தது. ஓட்டினேன்.